கட்டிலுக்கு அடியில் 17 பரங்கிக்காய்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப் பேர் வேறு காயை நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கி என்றால் வெளியே மஞ்சளும் பழுப்புமாக, உள்ளே ஆரஞ்சாக இருக்கிற காய். சென்னையில் மஞ்சப் பூசணி என்பார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய். நாங்கள் வெறுமனே பூசணி என்று சொன்னால் அது சாம்பல் பூத்தாற்போல இருக்கிற வெள்ளைப் பூசணி, திருநெல்வேலிக்காரர்களின் தடியங்காய். இந்த வருடம் எங்கள் கொல்லையில் விளைந்து என்னைப் படுத்தி எடுத்தது பரங்கி. மொத்தம் 17 காய். சின்னது நாலு கிலோ, பெரியது ஒன்பது, எல்லாம் சேர்ந்து நூறு கிலோ இருக்கும்.

தப்பு என்னுடையதுதான். ஆடிப் பட்டம் தேடி விதை என்று அத்தை வருடா வருடம் ஒரே ஒரு குழி எடுப்பார், நாலு விதை போடுவார், முளைத்து மூன்றாவது இலை விட்டதும் இரண்டைப் பிடுங்கிவிடுவார். மீதி இரண்டு கொடியில் ஐந்தாறு காய் வரும், பொங்கலுக்குச் சரியாகப் போய்விடும். இந்த முறை அவருக்கு முட்டிவலி, அதனால் ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எருக்குழி ஓரமாக மூன்று குழி, குழிக்கு நாலு விதை. அத்தனையும் முளைத்தது. பிடுங்கச் சொன்னார். பச்சைப் பசேல் என்று நிற்பதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு மாதத்தில் கொடி மாட்டுக் கொட்டகைக் கீற்றின் மேல் ஏறி, வைக்கோல் போரைச் சுற்றி, வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டது.

ஆரம்பத்தில் பூவாகப் பூத்ததே தவிர ஒரு காய் நிற்கவில்லை. பரங்கியில் ஆண் பூதான் முதலில் வரும், நீளக் காம்போடு நிமிர்ந்து நிற்கும். பெண் பூ அப்புறம்தான், அதற்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். விடிகிற நேரத்தில் விரிந்தால் ஒன்பது பத்து மணிக்குள் மூடிக்கொண்டுவிடும், அதற்குள் தேனீ வந்து போயிருக்க வேண்டும். வரவில்லை என்றால் இரண்டு மூன்று நாளில் அந்தக் கோலிக்குண்டு வெளுத்து உதிர்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் எந்தத் தேனீ வரும்? காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு போய், ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு நடுத்தண்டால் பெண் பூவில் தடவிவிட்டு வந்தேன். தினமும். ஒரு பிஞ்சுகூட உதிரவில்லை. இது நான் செய்த இரண்டாவது தப்பு.

மூன்றாவது தப்பு, பிஞ்சாகப் பறிக்காதது. கொட்டகை மேல் ஒவ்வொன்றாகப் பெருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆபீசில் போட்டோ காட்டினேன். கார்த்திகையிலேயே ஏழெட்டைத் தேங்காய் அளவில் பறித்து, தோலோடு நறுக்கிக் கூட்டு வைத்து, நாலு பேருக்குக் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இளம்பரங்கியை வேண்டாம் என்று சொல்கிற வீடு எங்கள் ஊரில் கிடையாது.

மார்கழி முதல் வாரத்தில் அறுவடை. காம்பு பச்சை போய்க் கட்டை மாதிரி காய்ந்திருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது, அதுதான் அடையாளம். காம்பை நாலு விரல்கடை விட்டு அறுக்கச் சொன்னார் அத்தை. என் வீட்டுக்காரர் கொட்டகை மேல் ஏணி போட்டு ஏறி அறுத்து அறுத்துக் கொடுக்க, நான் வாங்கி வாங்கித் திண்ணையில் அடுக்கினேன். தரையில் காய்த்த மூன்று அதற்கு முன்னாலேயே மழை ஈரத்தில் அழுகிப்போயிருந்தன. அடியில் ஓட்டுத் துண்டு வைக்க மறந்துவிட்டேன். அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

திண்ணையில் எண்ணியபோது 16 தான் இருந்தது. சரி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று கொடுப்போம் என்று நல்ல காயாகத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வீட்டு வைக்கோல் போரிலேயே ஆறு காய் கிடக்கிறது, அது எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு மரியாதைக்கு. அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு காயை எடுத்து வந்தார். "உங்க கொடிதான், வேலிக்கு இந்தப் பக்கம் காய்ச்சிருந்துச்சு. குடுக்கணும்னே எடுத்து வச்சேன்." ஒன்றைக் கொடுக்கப் போய் இரண்டோடு திரும்பினேன். 17 ஆனது அப்படித்தான்.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். ஆறு கிலோ காயில் தோலும் விதையும் போக நாலரைக் கிலோ தேறும். நாங்கள் நாலு பேர், ஒரு வேளைக்கு முந்நூறு கிராம் போதும். ஆக ஒரு காய்க்கு 15 வேளை, 17 காய்க்கு 255 வேளை. தினம் ஒரு வேளை பரங்கி என்று விடாமல் சாப்பிட்டாலும் எட்டரை மாதம். அடுத்த ஆடி போய் ஆவணியும் பாதி தாண்டிவிடும். கணக்கை மகளிடம் காட்டினேன். அவள் ஹாஸ்டலில் சேர்த்துவிடச் சொன்னாள்.

விற்கலாமே என்பீர்கள். கேட்டேன். ஒரு மண்டியில் கிலோவுக்குச் சொன்ன விலைக்கு அங்கே கொண்டுபோகிற ஆட்டோ வாடகைகூடத் தேறாது. பாபநாசத்தில் நாங்கள் வழக்கமாகக் காய் வாங்குகிற கடைக்கார அண்ணன்தான் பாவம் பார்த்து, "ஒன்னு வேணா குடுத்துட்டுப் போங்கக்கா, கீத்துப் போட்டு வித்துத் தீரவே நாலு நாள் ஆகும்" என்றார். அந்த வாக்கியத்தில் விஷயம் இருந்தது. எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆபீசுக்கு ஒன்று கொண்டுபோனேன். எனக்கு வேலை கும்பகோணத்தில், பாபநாசத்தில் பாசஞ்சர் ஏறினால் சுந்தரப்பெருமாள்கோயில், சுவாமிமலை, தாராசுரம், அப்புறம் கும்பகோணம். ஐந்து கிலோ காயைக் கட்டைப்பையில் போட்டுக் காலடியில் வைத்திருந்தேன். சுவாமிமலையில் வண்டி குலுங்கி நின்றதும் பை சாய்ந்து காய் வெளியே வந்து இருக்கைகளுக்கு அடியில் உருண்டுகொண்டே போய்விட்டது. யார் யாரோ காலைத் தூக்கினார்கள். கடைசி இருக்கையில் இருந்த பெரியவர் இரண்டு காலாலும் அணை கட்டி நிறுத்திவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். குடமுருட்டிக் கரையில் இருக்கிற ஊரின் பேரைச் சொன்னேன். "அதான, குடமுருட்டிக்காரங்களுக்குப் பரங்கி உருட்டத் தெரியாதா!" வண்டியே சிரித்தது.

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன காயைக் கூட வேலை பார்க்கும் ஒருவருக்குக் கொடுத்தேன். ஐயோ எதுக்கு இதெல்லாம் என்று வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார். சாயங்காலம் அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஸ்கூட்டியில் கொண்டுபோக முடியவில்லை, வீட்டில் இரண்டு பேர்தான், இதை வெட்டவே ஆள் வேண்டும். நானே திருப்பித் தூக்கி வந்தேன், இந்த முறை மடியிலேயே வைத்துக்கொண்டு.

அத்தையிடம் புலம்பினேன். அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முழுசா குடுத்தா யாரு வாங்குவா? அது வேலைய குடுக்குற மாதிரி. கீத்துப் போட்டுக் குடு, வேணாம்பாங்களா பாப்போம்."

அன்று ராத்திரியே அந்தக் காயை வெட்டினோம். எங்கள் வீட்டில் முழுக் காயை முதல் வெட்டு ஆம்பளைதான் வெட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம். ஏன் என்று கேட்டால் அத்தைக்கும் தெரியாது, அவர் மாமியார் சொன்னாராம். நான் இதில் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் முற்றின பரங்கியை வெட்டுவது உண்மையிலேயே முதுகு ஒடிகிற வேலை. என் வீட்டுக்காரர் காம்பு ஓரமாக அரிவாளை வைத்து, மேலே தேங்காய் மட்டையால் நாலு தட்டுத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது தட்டில் டப் என்று வாய் பிளந்தது. வெள்ளரிப் பிஞ்சு வாசனையும் பச்சைப் புல் வாசனையும் கலந்த மாதிரி ஒன்று கூடம் முழுக்க வந்தது. உள்ளே நாரில் விதை தொங்கிக்கொண்டிருந்தது, பிய்த்தால் கையெல்லாம் வழவழ. அதற்கு அப்புறம் அத்தை அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்துகொண்டார். அளவு பார்க்கவே இல்லை. பரங்கியில் மேலிருந்து கீழே வரி ஓடுமே, அந்தப் பள்ளத்தைப் பிடித்தே கத்தி போகிறது. ஒரு புடைப்புக்கு ஒரு கீற்று. எத்தனை பேருக்கு என்று காயே கோடு போட்டு வைத்திருக்கிறது, இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பத்துக் கீற்று வந்தது. இரண்டை வைத்துக்கொண்டு எட்டை பேப்பரில் சுற்றி எடுத்துப்போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எட்டும் காலி. மூன்று நாள் மேஜைக்கு அடியில் வைத்திருந்தாரே, அவர்தான் முதல் ஆளாக எடுத்தார், அதுவும் இரண்டு. "இது எவ்ளோ அழகா இருக்கு, நேத்தே இப்படிக் கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அதே காய்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம் எனக்கு விஷயம் பிடிபட்டது. 17 காய் என்று நான் பயந்தது வீண். முழுக் காய் காத்திருக்கும், மாதக் கணக்கில் காத்திருக்கும். வெட்டின காய்தான் காத்திருக்காது. விதைக்குழியில்தான் முதலில் கெடும், விதையையும் நாரையும் வழித்துவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலும் நாலைந்து நாள், அதற்கு மேல் ஓரம் கொழகொழக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு காயை வெட்டுவதற்கு முன்னால் அதன் கீற்றெல்லாம் யார் யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். பேர் சேராமல் அரிவாள் எடுப்பதில்லை.

காத்திருக்கும் என்றேனே, அதிலும் ஒரு அடி வாங்கினேன். அறுத்த காயை ஒரு வாரம் பத்து நாள் காற்றோட்டமான இடத்தில் இளவெயில் படப் போட்டுத் தோல் இறுகவிட்டு, அப்புறம் வைக்கோல் பரப்பி ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்க வேண்டும். தண்ணீரில் கழுவவே கூடாது, மண் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்தால் போதும். அத்தை காலத்தில் உறியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார்களாம், இல்லையென்றால் பரண். இப்போது மெத்தை வீட்டில் பரணுக்கு எங்கே போவது, கட்டிலுக்கு அடிதான். எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனால் ஒரு காயை மட்டும் காம்பைப் பிடித்துத் தூக்கினேன். காம்பு கையோடு வந்துவிட்டது. குழந்தையைக் காதைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி என்று அத்தை திட்டினார், அந்தக் காயை முதலில் சமைத்துவிடு என்றும் சொன்னார். நான் வேறொன்றை எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ரூமில் ஒரு நாற்றம். எலி செத்துவிட்டது என்று பீரோவை நகர்த்தி, அரிசி டின்னை நகர்த்தி, வீட்டுக்காரரை ரூம் முழுக்கத் தேடவைத்தேன். கடைசியில் மகள் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள். காம்பு போன பள்ளத்தில் வெள்ளையாகப் பஞ்சு பூத்து, அடி முழுக்கப் பழுப்புத் தண்ணீராக இளகி, தூக்கப் போனால் விரல் உள்ளே போகிறது. முறத்தில் வழித்து எருக்குழியில் கொட்டினேன். நல்ல வேளை, இடைவெளி விட்டு வைத்ததால் பக்கத்துக் காய்கள் தப்பின.

இன்னொரு அறிவாளித்தனமும் செய்தேன். கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல் எல்லாம் போடுகிறோமே, பரங்கியில் போட்டால் என்ன என்று ஒரு முழுக் கீற்றை மெல்லிசாகச் சீவி உப்பு நீரில் வேகவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். மார்கழியில். காவிரிக் கரையில் மார்கழிப் பனியில் துணியே இரண்டு நாள் ஈரமாக இருக்கும். மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளி, நாலாம் நாள் மாட்டுத் தொட்டி. வற்றல், வடாம் எல்லாம் மாசி பிறந்துதான். அதுவும் பரங்கியில் மாவும் இனிப்பும் அதிகம், வெயிலிலேயேகூடப் பக்குவமாக வருமா என்று சந்தேகம். வெள்ளைப் பூசணி என்றால் உளுந்து அரைத்துப் பச்சைமிளகாய், பெருங்காயம் சேர்த்துக் கருவடாம் கிள்ளி வைத்துவிடலாம், காசி அல்வா கிளறிவிடலாம். அந்தக் காய்க்கு அந்தக் கௌரவம்.

சரி, சமையலுக்கு வருவோம். எங்கள் ஊரில் பரங்கி என்றதும் முதலில் சொல்வது பால் கூட்டு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதைத் திரித்துத் திரித்துக் கொட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். காயைச் சதுரமாக நறுக்கி, முழுகாத அளவு தண்ணீர் விட்டு உப்புப் போட்டு மூடி வேகவிட வேண்டும், குக்கர் வேண்டாம், ஒரு விசிலில் களியாகிவிடும். கரண்டிக் காம்பால் குத்தினால் இறங்குகிற பதத்தில், ஒரு டம்ளர் காய்ச்சி ஆறின பாலில் ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றிச் சிறுதீயில் ஒரு கொதி. அப்புறம் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் வெல்லம், அதுவும் பொடித்தது. கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் அநேகமாகத் திரிந்துவிடும், நான் செய்தது அதைத்தான். பயமாக இருந்தால் சர்க்கரை போடுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஆயிற்று. இதற்கு இளங்காய் உசிதம். முற்றின காயில் செய்தால் பாயசத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக நிற்கும், எனக்குப் பிடிக்கும், வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

முற்றின காய்க்குப் புளியும் காரமும்தான் ஜோடி. அதன் தித்திப்பை எதிர்த்து ஒன்று நிற்க வேண்டும். தை மாதம் பச்சை மொச்சை வருகிற நேரத்தில் பரங்கியும் மொச்சையும் போட்டுக் காரக்குழம்பு வைத்தால் மறுநாள் பழையதுக்கு அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். மொச்சையை முதலில் வேகவைத்துக்கொண்டு, குழம்பு கொதித்து எண்ணெய் மிதக்கிற நேரத்தில் பரங்கியைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கரைந்து குழம்பு கெட்டியானதுதான் மிச்சம், காய் எங்கே என்று தேட வேண்டியதுதான். சைவம் இல்லாதவர்களுக்கு ஒன்று: நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிற சென்னாக்கூனி என்கிற பொடி இறால் கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்துத் தூசி தட்டி, சின்ன வெங்காயம் வதக்கிப் பரங்கித் துண்டோடு பிரட்டி எடுங்கள். அந்தக் கூனியின் உப்பும் பரங்கியின் தித்திப்பும் சேருகிற இடம் இருக்கிறதே, அன்றைக்கு மட்டும் என் வீட்டுக்காரர் பரங்கியா என்று முகம் சுளிக்கவில்லை.

தோலை எறியாதீர்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல் வறுத்துக்கொண்டு, தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, துளி புளி, தேங்காய் வைத்துக் கரகரப்பாக அரைத்தால் துவையல். மகள் பரங்கி என்ற பேரைக் கேட்டாலே எழுந்து போகிற நிலைக்கு வந்தபோது அடை மாவில் துருவிப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, பரங்கியை அடையில் இரண்டு நாள் மறைக்கலாம் என்பது என் அனுபவம். மூன்றாம் நாள் "அடை ஏன்மா தித்திக்குது" என்று கேட்டுவிட்டாள்.

பொங்கல்தான் காப்பாற்றியது. எங்கள் பக்கம் பொங்கலுக்குப் பல காய் போட்டுப் புளிக்குழம்பு, அதில் பரங்கி இல்லாமல் நடக்காது. அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை, கருணை, கத்தரி எல்லாம் உண்டு. கேரட், பீன்ஸ் பக்கத்தில் வரக் கூடாது, அது இங்கிலீஷ் காய் என்பார் அத்தை. எனக்கு இதில் ஒரு சிரிப்பு. பரங்கியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், மிளகாய், சர்க்கரைவள்ளி போல அதுவும் கப்பல் ஏறி வந்ததுதான். பேரிலேயே பரங்கியன் உட்கார்ந்திருக்கிறான். வந்து சில நூறு வருடத்தில் படையலில் மஞ்சள்கொத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. கேரட்டும் இன்னும் நூறு வருடம் பொறுத்துப் பார்க்கலாம். இதை அத்தையிடம் சொன்னதற்கு, "அப்ப இந்த வருஷம் பரங்கி இல்லாம வச்சிரலாமா?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

போகியன்று காலையில் ஐந்து காய் வெட்டினோம். ஒரே நாளில் ஐந்து. அதற்கு முந்தின வாரமே ஆபீசில், ரயிலில் தினம் பார்க்கிறவர்களிடம், மகளின் டியூஷன் டீச்சரிடம் எல்லாம் கேட்டு ஒரு சீட்டில் பேர் எழுதி வைத்திருந்தேன். பொங்கலுக்குக் கடையில் ஒரு கீற்று வாங்கத்தான் போகிறார்கள், அதை நான் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ரயிலில் காலால் அணை கட்டினாரே, அந்தப் பெரியவருக்கும் ஒன்று. ஊரிலேயே கொடி போடாத ஏழெட்டு வீடு இருக்கிறது, அங்கே மகள் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது தாம்பாளம் காலியாக வரவில்லை, கரும்புத் துண்டு, இரண்டு வாழைக்காய், ஒரு கைப்பிடி மொச்சை. பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டு கீற்று கேட்டு வாங்கிக்கொண்டார், ஆறு காய் வைத்திருக்கிற அக்காதான். "ரெண்டு கீத்துக்காக ஒரு முழுக் காய வெட்டணுமா?" என்றார். நியாயம்தானே.

நாரும் விதையும் கலந்த குடல் மாட்டுக்குப் போய்விடும். மாட்டுக்குக் காய் போடுவதாக இருந்தால் பொடிசாக வெட்டிப் போடுங்கள், பெரிய துண்டாகப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விதையில் நல்லதாக, பருத்ததாகப் பார்த்துச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்தேன். மிச்சத்தை உப்புத் தண்ணீர் தெளித்து வாணலியில் வறுத்தால் பொரியும். ஓட்டை உரித்துத் தின்ன பொறுமை வேண்டும், டிவி பார்க்கிறவர்களுக்கு ஏற்றது.

அடுத்த ஆடிக்கு முடிவு செய்துவிட்டேன். ஒரே குழி. ரகத்தையும் மாற்றலாம் என்று இருக்கிறேன். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 காய் ஏழெட்டுக் கிலோ வரும், கோ 2 என்பது ஒன்றரை இரண்டு கிலோதான். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு கிலோ காய் என்றால் வெட்டினால் நாலைந்து வேளையில் முடிந்துவிடும், யாரையும் தேட வேண்டாம். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ரெண்டு கிலோ காய வெட்டி யாருக்குக் கீத்துப் போடுறது?" என்கிறார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, இன்னும் ஆடிக்கு நாள் இருக்கிறது.

இப்போது மாசிக் கடைசி. கட்டிலுக்கு அடியில் மூன்று இருக்கிறது. ஒன்று மன்னார்குடி நாத்தனாருக்கு, அவர் முழுசாகத்தான் வேண்டும் என்கிறார், அவர் வீட்டில் பரண் இருக்கிறது. ஒன்று விதைக்கு, ஆடி நெருங்கும்போது வெட்டிக்கொள்ளலாம். மூன்றாவது ஒன்பது கிலோ, எல்லாவற்றிலும் பெரியது, நாளைக் காலையில் வெட்டப்போகிறோம். வரியை எண்ணிப் பார்த்தேன், 14. சீட்டில் 13 பேர் எழுதியாயிற்று. தாம்பாளத்தைத் துடைத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, பதினாலாவது யாருக்கு என்று அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டார்.